ஏட்டுச் சுரைக்காயும் ஐந்தொகையும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது தமிழர் வீடுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வெறும் நூலறிவின் குறையைச் சுட்டுவதற்கே அதனைப் பெரும்பாலும் எடுத்தாளுவர். ஆயினும், கம்பனிகளின் பங்குகளிலே தம் சேமிப்பை இடுவோருக்கு அதனினும் பொருத்தமான அறிவுரை வேறொன்றில்லை எனலாம். ஒரு கம்பனியின் ஐந்தொகையிலே சரக்கிருப்பு என்றும், கடன்பட்டோர் என்றும், வங்கியிலுள்ள காசு என்றும் எழுதப்பட்டிருப்பவை யாவும் முதலில் ஏட்டுச் சுரைக்காய்களே. அவற்றுக்கு ஒத்த காய் கொடியிலும் உண்டா என்று சென்று பார்ப்பதே கணக்காய்வாளரின் தொழில்.

பங்கு வாங்குபவர் கம்பனியின் களஞ்சியத்தைத் திறந்து பார்க்க இயலாது. அதன் வங்கிக்குக் கடிதம் எழுதிக் கேட்கவும் அவருக்கு உரிமையில்லை. ஆனால், கணக்காய்வாளர் எவ்வெவ் ஐயங்களை மனத்திற்கொண்டு கம்பனிக்குள்ளே நுழைகின்றாரோ, அவ்வையங்களை வெளியிடப்பட்ட ஆண்டறிக்கையின்மீது செலுத்துவதற்கு அவருக்குத் தடையொன்றுமில்லை. அதற்கு வேண்டிய கணிதமும் கூட்டல், கழித்தல், வகுத்தல் என்பவற்றுக்கு மேற்பட்டதன்று. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பணிக்கொடையும், பிள்ளையின் படிப்புக்கென ஒதுக்கிய பணமும் பங்குகளாய் மாறும் இக்காலத்தில், அந்த ஐயங்கள் எவையென அறிந்துகொள்வது கற்றோர்க்கு மாத்திரம் உரிய காரியமன்று.

கணக்காய்வு ஏன் தோன்றியது? கடைக்காரர் ஒருவர் தம் கடையைத் தாமே நடத்தும்போது அவருக்குக் கணக்காய்வாளர் தேவைப்படுவதில்லை. பெட்டியிலுள்ள காசும் தட்டிலுள்ள சரக்கும் அவருடைய கண்முன்னே இருக்கின்றன. கம்பனியிலோ உடைமை ஒருவரிடமும் நடத்தும் அதிகாரம் வேறொருவரிடமும் இருக்கின்றன. நடத்துபவர் எழுதிய கணக்கை உடையவர் நம்பவேண்டியிருக்கின்றது. எழுதியவரே தம் எழுத்துக்குச் சாட்சியாகவும் நிற்றல் முறையாகாது. ஆகவே மூன்றாம் ஆள் ஒருவர் வேண்டப்படுகின்றார்.

அந்த மூன்றாம் ஆளின் கடமை எம்மட்டினது என்னும் வினா, 1896ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்தது. கொழும்பிலே பங்குத் தரகர்கள் சங்கம் அமைத்துத் தோட்டக் கம்பனிகளின் பங்குகளை விற்கவும் வாங்கவும் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கிங்ஸ்ரன் பருத்தியாலை என்னும் கம்பனியின் முகாமையாளர், ஆண்டுதோறும் பஞ்சும் நூலும் உள்ளதிலும் மிகுதியாக இருப்பதாகக் காட்டி இலாபத்தை உயர்த்தி வந்தார். கணக்காய்வாளர்கள் அவர் கொடுத்த இருப்புச் சான்றிதழை அப்படியே ஏற்றனர். உண்மை வெளிப்பட்டபோது அவர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டது. கணக்காய்வாளர் காவல் நாய் போன்றவரேயன்றி மோப்பம் பிடித்து வேட்டையாடும் நாய் அல்லர் என்று நீதியரசர் லோப்ஸ் கூறினார். ஐயத்துக்கு இடமில்லாதபோது பொறுப்புள்ள உத்தியோகத்தரின் சொல்லை நம்பியது குற்றமாகாதெனத் தீர்ப்பும் வழங்கப்பட்டது.

அவ்வழக்கிலே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஆண்டின் தொடக்கத்திலிருந்த சரக்கோடு, அவ்வாண்டிலே கொள்வனவு செய்ததைக் கூட்டி, விற்றதைக் கழித்துப் பார்த்திருந்தால், ஆண்டிறுதியில் இருப்பதாகச் சொல்லப்பட்ட சரக்கு அங்கே இருந்திருக்க முடியாதென்பது புலனாகியிருக்கும். அதாவது, பொய் எழுதப்பட்ட அதே புத்தகங்களிலே அப்பொய்யைக் காட்டிக்கொடுக்கும் எண்களும் எழுதப்பட்டிருந்தன. இரட்டைப் பதிவுக் கணக்கின் இயல்பு இது. ஒரு தொகையை உயர்த்தினால் அதற்கு ஈடாக மற்றொன்றையும் உயர்த்தியாக வேண்டும். இல்லாத இலாபத்தை எழுதியவர், அந்த இலாபம் எங்கே தங்கியிருக்கின்றது என்பதையும் ஓரிடத்தில் எழுதியே தீரவேண்டும். அது சரக்காகத் தங்கலாம், கடன்பட்டோராகத் தங்கலாம், கட்டடமாகவோ இயந்திரமாகவோ தங்கலாம், காசாகவும் தங்கலாம். கணக்கு மோசடிகளை ஆராய்தல் என்பது பெரும்பாலும் இந்தத் தங்குமிடத்தைத் தேடிச் செல்லுதலேயாகும்.

இதனை நன்கு விளக்கும் வரலாறு அமெரிக்காவிலே 1938ஆம் ஆண்டு நடந்தது. மக்கெசன் அன்ட் றொபின்ஸ் என்பது 1833இல் நியூ யோர்க்கிலே தோன்றிய பழம்பெரும் மருந்துக் கம்பனி. டொனால்ட் கொஸ்ரர் என்பவர் அதன் தலைவராக இருந்தார். கனடாவிலே களஞ்சியப்படுத்தப்பட்ட மூல மருந்துப் பொருள்களை வாங்கி வெளிநாடுகளுக்கு விற்கும் பகுதியொன்று அவருடைய நேரடிப் பொறுப்பில் இயங்கியது. ஏட்டின்படி நல்ல இலாபமும் ஈட்டியது. கம்பனியின் பொருளாளராகிய யூலியன் தொம்சன் என்பவர் ஒரு புதுமையைக் கவனித்தார். ஏனைய பகுதிகளின் இலாபம் காசாக வந்து சேர்ந்தது. மூல மருந்துப் பகுதியின் இலாபமோ ஒருபோதும் காசாக வரவில்லை. ஒவ்வோராண்டும் அது மீண்டும் சரக்காகவே மாறிற்று. சரக்கைக் குறைத்துக் காசாக்கும்படி பணிப்பாளர் சபை கேட்டபோதும் சரக்குக் குறைந்தபாடில்லை.

தொம்சன் விசாரிக்கத் தொடங்கினார். பொருளை விற்றுக்கொடுப்பதாகச் சொல்லப்பட்ட முகவர் நிறுவனம் வெறும் பெயரளவிலேயே இருந்தது. அதன் நாணயத்தைப் பற்றிக் கோவையிலிருந்த அறிக்கைகள் போலியாக அச்சிடப்பட்டவை. களஞ்சியங்களும் சரக்கும் வாடிக்கையாளரும் காகிதத்திலேயே வாழ்ந்தனர். டொனால்ட் கொஸ்ரர் என்பவரும் அவ்வாறே. அவருடைய உண்மைப் பெயர் பிலிப் மியூசிக்கா, முன்னரும் மோசடிக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர். கம்பனிக்குள்ளும் வெளியிலும் வேறு பெயர்களோடு அவருக்குத் துணைநின்ற மூவர் அவருடைய உடன்பிறந்தவர்களே. 1938 டிசெம்பர் 16ஆந் திகதி மியூசிக்கா தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். ஏறத்தாழ 870 இலட்சம் டொலரெனக் காட்டப்பட்ட மொத்தச் சொத்திலே ஏறத்தாழ 190 இலட்சம் டொலர் இல்லாத சொத்தென்று காணப்பட்டது. அதிற் பாதிக்குச் சற்று மேற்பட்டது சரக்கு. எஞ்சியதில் மிகப் பெரும்பகுதி கடன்பட்டோர்.

அக்கம்பனியின் கணக்குகளை ஆய்ந்தது அக்காலத்திலும் பெயர்பெற்றிருந்த பிறைஸ் வோட்டர்ஹவுஸ் நிறுவனம். புத்தகங்களுக்கும் பற்றுச்சீட்டுகளுக்கும் ஒற்றுமை இருந்தது. எனினும் களஞ்சியத்துக்குச் சென்று சரக்கைக் காண்பதும், கடன்பட்டோருக்கு நேரே எழுதிக் கேட்பதும் அக்கால வழக்கத்திலே கட்டாயமாக இருக்கவில்லை. 1939 முதல் அமெரிக்கக் கணக்காளர் நிறுவகம் அவ்விரண்டையும் வேண்டப்படும் முறைகளாக்கிற்று. காகிதத்தைக் காகிதத்தோடு ஒப்பிடுவது போதாது, காகிதத்தைப் பொருளோடு ஒப்பிடவேண்டும் என்னும் கொள்கை இவ்வாறு விலைகொடுத்துப் பெறப்பட்டது.

பொருளைக் கண்ணாற் காண்பதும் சில வேளைகளிலே போதாது. 1963இல் நியூ யேர்சி மாநிலத்துப் பயோன் நகரிலே, அன்ரனி டி ஏஞ்சலிஸ் என்பவரின் தாவர எண்ணெய்க் கம்பனி, தாங்கிகள் நிறைய எண்ணெய் இருப்பதாகக் காட்டிப் பெருங்கடன் பெற்றிருந்தது. பரிசோதகர்கள் தாங்கிகளைப் பார்த்தனர். எண்ணெயும் மேலே மிதந்தது. அடியில் இருந்ததோ பெரும்பாலும் தண்ணீர். கடன் கொடுத்தோரின் இழப்பு 1,500 இலட்சம் டொலரையும் கடந்தது. ஆயினும், அக்கம்பனியிடம் இருப்பதாகக் காட்டப்பட்ட எண்ணெயின் அளவு, அந்நாடு முழுவதிலுமுள்ள எண்ணெய் இருப்பென்று அரசாங்கம் வெளியிட்ட தொகையையே விஞ்சியிருந்தது. தாங்கியில் ஏறாமலே, இரு எண்களை அருகருகே வைத்துப் பார்த்து இதனை அறிந்திருக்கலாம்.

இத்தகைய அனுபவங்களிலிருந்து கணக்காய்வாளர் தமக்கென வகுத்துக்கொண்ட வினாக்களைச் சுருக்கமாக ஐந்தெனக் கூறலாம். எழுதப்பட்ட சொத்து உண்மையில் இருக்கின்றதா? அது கம்பனிக்கே உரியதா? அதற்கு இட்ட மதிப்பு நியாயமானதா? வருமானமும் செலவும் உரிய ஆண்டிலே எழுதப்பட்டனவா? கடன்களும் பொறுப்புகளும் ஒன்றுவிடாமல் எழுதப்பட்டனவா? இவற்றோடு ஆறாவதாக மற்றொன்றும் உண்டு. இவற்றுக்கெல்லாம் சாட்சி சொல்பவர் யார் என்பதே அது. கம்பனியே எழுதிய தாளைவிட, வெளியார் எழுதிக் கம்பனியின் கைவழியாக வந்த தாள் சிறந்தது. அதனைவிட, வெளியார் கணக்காய்வாளருக்கு நேரே அனுப்பிய தாள் சிறந்தது. சாட்சியின் தரம் அது கடந்துவந்த கைகளைப் பொறுத்தது.

பங்கு வாங்க எண்ணுபவர் இவ்வினாக்களை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு கம்பனியின் விற்பனை சென்ற ஆண்டு 100 இலட்சம் ரூபா; இவ்வாண்டு 120 இலட்சம். வளர்ச்சி நூற்றுக்கு 20 எனத் தலைவரின் உரை பெருமையோடு கூறுகின்றது. ஆனால், ஐந்தொகையிலே கடன்பட்டோர் தொகை 20 இலட்சத்திலிருந்து 45 இலட்சமாக உயர்ந்திருக்கின்றது. கடன்பட்டோரை விற்பனையால் வகுத்து 365ஆற் பெருக்கினால், சென்ற ஆண்டு 73 நாளில் வசூலான கடன், இவ்வாண்டு ஏறத்தாழ 137 நாள் செல்கின்றதென்பது தெரியும். விற்பனை 20 இலட்சம் கூடிற்று, வசூலாகாத பணமோ 25 இலட்சம் கூடிற்று. அவ்வாறாயின் வாடிக்கையாளரிடமிருந்து இவ்வாண்டு கைக்கு வந்த காசு சென்ற ஆண்டிலும் கூடியிருத்தல் அரிது. வாங்குவோருக்குத் தவணையை நீட்டி விற்றிருக்கலாம். வரும் ஆண்டின் விற்பனையை மார்ச்சு 31க்கு முன்னரே எழுதியிருக்கலாம். வாங்கியவர் என்று ஒருவர் இல்லாமலும் இருக்கலாம். எதுவாயினும், பெருமைப்பட்ட வளர்ச்சி இன்னும் பணமாகவில்லை என்பது உறுதி.

சரக்கிருப்புக்கும் இதே முறை பொருந்தும். விற்ற பொருளின் அடக்கவிலையோடு இருப்பை ஒப்பிட்டு, எத்தனை நாள் விற்பனைக்குப் போதுமான சரக்குக் கிடக்கின்றது எனக் காணவேண்டும். ஆண்டிறுதிச் சரக்கு எவ்வளவு மிகுத்து எழுதப்படுகின்றதோ, விற்ற பொருளின் அடக்கவிலை அவ்வளவு குறைந்து இலாபம் அவ்வளவு உயரும். ஆதலால், விற்பனையைவிட வேகமாகச் சரக்கு வளர்வதும், அதே வேளையில் மொத்த இலாப வீதம் உயர்வதும் ஒருங்கே காணப்பட்டால், வாசிப்பவர் அங்கே நிற்கவேண்டும். விலைபோகாமற் கிடக்கும் பொருளுக்குப் பழைய மதிப்பையே இட்டிருக்கவுங்கூடும்.

மூன்றாவது சோதனை காசைப் பற்றியது. ஒரே ஆண்டிலே இலாபமும் காசும் ஒத்திராமைக்கு நேர்மையான காரணங்கள் பலவுண்டு. ஆனால், ஐந்தாண்டுகளின் இலாபத்தை ஒன்றாகக் கூட்டி, அவ்வைந்தாண்டுகளிலும் தொழிலிலிருந்து கிடைத்த காசையும் கூட்டி ஒப்பிட்டால், அவை பெரிதும் விலகி நிற்றல் கூடாது. தொம்சன் செய்தது இதுவே.

அவ்வொப்பீட்டையும் ஏமாற்ற வழியுண்டு என்பதை அமெரிக்காவின் வேர்ள்ட்கொம் என்னும் தொலைபேசிக் கம்பனி காட்டிற்று. பிற கம்பனிகளின் கம்பி வழிகளைப் பயன்படுத்தியதற்குச் செலுத்திய கட்டணம் அன்றாடச் செலவாகும்; அது இலாபநட்டக் கணக்கில் உடனே கழிக்கப்படல் வேண்டும். அக்கம்பனியோ அதனை நீண்டகாலச் சொத்து வாங்கியதாக எழுதிற்று. செலவு சொத்தாக மாறியதால் இலாபம் உயர்ந்தது. தொழிலிலிருந்து கிடைத்த காசும் உயர்ந்ததுபோலத் தோன்றியது. சிந்தியா கூப்பர் என்பவரின் தலைமையிலிருந்த உள்ளகக் கணக்காய்வாளர்கள் அப்பதிவுகளைக் கண்டுபிடித்தனர். 2002 யூன் 25ஆந் திகதி 380 கோடி டொலர் அவ்வாறு எழுதப்பட்டமையைக் கம்பனி ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே முறிவடைந்தது. ஆகவே, தொழிலிலிருந்து வந்த காசை மட்டும் பாராது, அதிலிருந்து சொத்துகளுக்குச் செலவிட்ட காசையும் கழித்து, எஞ்சுவது யாது எனப் பார்த்தல் வேண்டும். செலவை எந்தப் பெயரால் அழைத்தாலும் கைவிட்டுப் போன காசு போனதே.

உரிய ஆண்டில் எழுதுதல் என்னும் வினாவுக்குப் பிரித்தானியாவின் றோயல் மெயில் கப்பற் கம்பனி வழக்கு நல்ல சான்று. முதலாம் உலகப் போர்க் காலத்துச் செழிப்பிலே சேர்த்த ஒதுக்கங்கள் அக்கம்பனியிடம் மறைந்திருந்தன. 1920களிலே தொழிலில் நட்டம் வந்தபோது, அவ்வொதுக்கங்களிலிருந்து எடுத்துக் கணக்கிலே சேர்த்து இலாபம் காட்டிப் பங்கிலாபமும் கொடுத்தனர். வரி ஒதுக்கச் சீராக்கம் என்னும் கருத்துடைய சில சொற்களே கணக்கில் அதற்குரிய குறிப்பு. தலைவராகிய கில்சன்ற் பிரபுவும் கணக்காய்வாளரும் 1931இல் நீதிமன்றில் நிறுத்தப்பட்டனர். ஆண்டறிக்கைகள் பற்றிய குற்றச்சாட்டிலிருந்து இருவரும் விடுவிக்கப்பட்டனர். 1928இல் கடன் திரட்டுவதற்கு வெளியிட்ட விவரணப் பத்திரம் பொய்யானதென்பதற்காகப் பிரபு மாத்திரம் 12 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். கணக்கு உண்மையானதும் நியாயமானதுமான தோற்றத்தைத் தரவேண்டும் என்னும் கோட்பாடு பிரித்தானியாவின் 1948ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தில் இடம்பெற்றதற்கு இவ்வழக்கும் ஒரு காரணம். இன்றும், இலாபத்தின் எப்பகுதி வழக்கமான தொழிலால் வந்தது, எப்பகுதி பழைய ஏற்பாடுகளைத் திருப்பி எழுதியதாலும் காணியை விற்றதாலும் மதிப்பை உயர்த்தியதாலும் வந்தது என்று பிரித்துப் பாராமல் பங்கின் விலையை மதிப்பிடுதல் ஆகாது.

சரக்கையும் கடன்பட்டோரையும் ஐயுறலாம், வங்கியிலுள்ள காசை ஐயுற வேண்டுவதில்லை என்று பலரும் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை 2009ஆம் ஆண்டு சனவரி 7ஆந் திகதி ஒரு கடிதம் தகர்த்தது. இந்தியாவின் ஹைதராபாத்திலே, ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியரோடு கணினிச் சேவை நடத்திவந்த சத்தியம் கம்பனியின் தலைவர் இராமலிங்க ராஜு அதனைப் பணிப்பாளர் சபைக்கு எழுதினார். 2008 செப்டெம்பர் 30இல் காசும் வங்கி மீதியுமெனக் காட்டப்பட்ட 5,361 கோடி ரூபாவில் 5,040 கோடி இல்லாதது என்றார். அதாவது நூற்றுக்கு 94 பங்கு ஏட்டுச் சுரைக்காய். அக்காலாண்டில் தொழில் இலாபம் 649 கோடி எனக் காட்டப்பட்டது. உண்மையில் 61 கோடியே. வரவேண்டிய வட்டியென்று 376 கோடியும் பொய்யாக எழுதப்பட்டிருந்தது. கணக்கில் எழுதாத கடனோ 1,230 கோடி. பங்கின் விலை அன்றொரு நாளிலேயே நான்கில் மூன்று பங்குக்கு மேல் வீழ்ந்தது. நல்லாட்சிக்கான விருதொன்றை அக்கம்பனி பெற்றிருந்ததும் முந்திய ஆண்டிலேதான்.

அக்கம்பனிக்கும் கணக்காய்வாளர் இருந்தனர். வங்கி மீதிகளை உறுதிசெய்யும் கடிதங்களைத் தாமே நேராக அனுப்பித் தாமே நேராகப் பெறாமல், அக்காரியத்தைக் கம்பனியின் கையிலே விட்டனர் என்று அமெரிக்கப் பிணையங்கள் ஆணைக்குழு 2011இல் கண்டது. சாட்சி கடந்துவந்த கை எது என்ற பழைய வினாவே இங்கும் தவறவிடப்பட்டது.

வெளியிலிருந்த முதலீட்டாளர் இதனை அறிந்திருக்க வழியில்லை என்று சொல்வதற்கில்லை. முற்றாக அறிந்திருக்க முடியாது, ஐயுற்றிருக்க முடியும். 2008 டிசெம்பர் 16ஆந் திகதி, அக்கம்பனி 160 கோடி டொலர் கொடுத்துத் தலைவரின் குடும்பத்தோடு தொடர்புடைய இரு கட்டடத் தொழிற் கம்பனிகளை வாங்கப்போவதாக அறிவித்தது. முதலீட்டாளரின் எதிர்ப்பினால் அம்முடிவு உடனே கைவிடப்பட்டது. இல்லாத சொத்தின் இடத்திலே உள்ள சொத்தை வைப்பதற்கு மேற்கொண்ட கடைசி முயற்சி அது என்று ராஜுவின் கடிதமே கூறிற்று. கணினிச் சேவைக் கம்பனி காணியும் கட்டடமும் வாங்க விரும்பியதேன்? அவற்றை உறவினரிடமே வாங்க விரும்பியதேன்? கணக்கின் குறிப்புகளிலே தொடர்புடைய தரப்பினர் என்ற தலைப்பின்கீழ் வருபவற்றை முதலில் வாசிக்கவேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. கம்பனியை நடத்துவோர் தம் பங்குகளை அடகு வைத்துக் கடன் பெற்றிருக்கின்றனரா என்பதும் அவ்வாறே நோக்கற்பாலது. ராஜு முதலானோருக்கு 2015ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஹைதராபாத் நீதிமன்றம் ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

காசைச் சோதிப்பதற்கும் எளிய வழியொன்றுண்டு. ஆண்டின் தொடக்கத்திலும் இறுதியிலும் இருந்த காசின் சராசரியைக் கண்டு, அவ்வாண்டிலே பெற்ற வட்டியை அதனால் வகுக்கவேண்டும். வங்கிகள் நூற்றுக்கு 8 கொடுக்கும் காலத்திலே கம்பனிக்கு நூற்றுக்கு 1 மட்டுமே கிடைத்திருந்தால், அக்காசு ஆண்டிறுதி நாளுக்கென்று இரவல் வாங்கப்பட்டதாக இருக்கலாம், அல்லது இல்லாமலே இருக்கலாம். பெருந்தொகைக் காசைச் சும்மா வைத்துக்கொண்டு, மறுபுறத்தே மிகுந்த வட்டிக்குக் கடன் வாங்கும் கம்பனியும் காரணம் சொல்லக் கடமைப்பட்டதே. பெட்டி நிறையப் பணம் வைத்திருப்பவர் வட்டிக்கடைக்குப் போகமாட்டார்.

இனிக் கணக்காய்வாளரின் அறிக்கை. பலர் அதனைச் சடங்கென எண்ணிப் புரட்டிவிடுவர். இலங்கையிலே 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் ஆக்கப்படும் அறிக்கையாயினும், பிற நாட்டு அறிக்கையாயினும், அதன் முடிவு நான்கு வகைகளுள் ஒன்றாகவே இருக்கும். கணக்கு உண்மையும் நியாயமுமான தோற்றத்தைத் தருகின்றது என்பது ஒன்று. குறித்த ஒரு விடயம் நீங்கலாகத் தருகின்றது என்பது இரண்டாவது. தரவில்லை என்பது மூன்றாவது. போதிய சான்று கிடைக்காமையால் அபிப்பிராயம் கூற இயலவில்லை என்பது நான்காவது. இரண்டாவது வகையிலே 'நீங்கலாக' என்ற ஒரு சொல்லுக்குள் முழுக் கதையும் அடங்கியிருக்கக்கூடும். கம்பனி தொடர்ந்து இயங்குமா என்பதில் முக்கியமான நிச்சயமின்மை உண்டென்னும் பந்தி தனியே இருக்கின்றதா எனவும் பார்க்கவேண்டும். பங்குச் சந்தையிலே இடம்பெற்ற கம்பனிகளுக்கு, 2016 டிசெம்பர் முதல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கணக்காய்வு நியமத்தின்படி, தமக்கு மிகுந்த கவனத்தை வேண்டிய விடயங்கள் எவை என்றும் கணக்காய்வாளர் எழுதவேண்டும். காவல் நாய் எந்த வேலியோரமாக அதிக நேரம் நின்றது என்பதை அப்பகுதி காட்டுகின்றது. அறிக்கை குறித்த காலத்தில் வராமை, ஆண்டின் நடுவிலே கணக்காய்வாளர் விலகுதல், நிதிப் பொறுப்பாளர் அடிக்கடி மாறுதல், கணக்கியற் கொள்கையை இலாபம் உயரும் பக்கமாகவே மாற்றுதல் என்பனவும் அறிகுறிகளாகும்.

அறிகுறி வேறு, குற்றம் வேறு என்பதை ஈண்டு மறத்தலாகாது. பண்டிகைக் காலத்துக்கு முன்னர் சரக்குக் குவியும்; புதிய கிளைகள் திறக்கும் ஆண்டிலே காசு குறையும்; அரசாங்கத்துக்கு விற்பவரின் கடன் தாமதித்தே வசூலாகும். ஓர் எண்ணைக் கண்டு நேர்மையான கம்பனியைப் பழித்தல் அறமன்று. கணக்காய்வாளருக்கு ஐயம் எழுந்தால், சான்று தேடி அதனைத் தீர்த்துக்கொள்வதற்கு அவருக்கு அதிகாரமும் கடமையும் உண்டு. பங்கு வாங்குபவருக்கு அவ்வதிகாரம் இல்லை. ஆனால் அவரிடம் கணக்காய்வாளருக்கு இல்லாத உரிமையொன்று இருக்கின்றது. எதையும் நிரூபிக்காமலே, யாரையும் குற்றஞ்சாட்டாமலே, அவர் வாங்காமல் விட்டுவிடலாம். சந்தையிலே வேறு கம்பனிகள் உண்டு. விளங்காத கணக்கை விளங்காதது என்று விடுவதற்குக் கூலி எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

இம்முறைகள் எந்தப் பங்கின் விலை உயரும் என்று சொல்லமாட்டா. நேர்மையான கணக்கையுடைய கம்பனியும் தொழிலிலே தோற்கலாம். இவை காக்கக்கூடியது ஒன்றே: இல்லாத ஒன்றுக்கு விலை கொடுப்பதிலிருந்து காக்கும். வாசிக்கும் முறையும் அதற்கேற்றதாக இருக்கவேண்டும். தலைவரின் உரையையும் வண்ணப்படங்களையும் கடைசிக்கு வைத்துவிட்டு, முதலிற் கணக்காய்வாளரின் அறிக்கை, அடுத்துக் கணக்கின் குறிப்புகள், அதன்பின் காசுப் பாய்ச்சற் கூற்று, ஐந்தொகை, முடிவிலே இலாபநட்டக் கணக்கு என்று பின்னிருந்து வாசிப்பது நன்று. ஓராண்டின் அறிக்கையோடு நில்லாது ஐந்தாண்டு அறிக்கைகளை அருகருகே வைத்தல் அதனினும் நன்று. ஓராண்டுக்குப் பொய்யெழுதுதல் எளிது. ஐந்தாண்டுகளுக்கு அதனை ஒன்றோடொன்று இசைவாக எழுதுதல் அரிது.

மக்கெசன் கம்பனியின் பொய்யை வெளிப்படுத்திய தொம்சன் அதன் கணக்காய்வாளர் அல்லர். இலாபம் வந்தது என்றால் காசு எங்கே என்று கேட்ட ஒருவர், அவ்வளவே. அக்கேள்வியைக் கேட்பதற்குப் பட்டமும் பதவியும் தேவையில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். அளந்து போடுபவர், கொடியிலே காய் உண்டா என்றும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வது நன்று.